ஊர் மன்றம் பொது நூலகம் தொடங்கும்போது: முதலில் ஆண்டுச் செலவு, பிறகுதான் புத்தகம்

கேள்வி இதுதான்: ஒரு சமூக மன்றம் தன் பகுதிக்குப் பொது நூலகம் ஒன்றைத் தொடங்கத் தீர்மானித்திருக்கிறது. இடம் தர ஒருவர் முன்வந்துவிட்டார், பழைய புத்தகங்களும் வரத் தொடங்கிவிட்டன. இனி எதை எந்த வரிசையில் செய்வது, மன்றம் தன் பங்கை எங்கே நிறுத்திக்கொள்வது?

இடமும் புத்தகமும் கிடைத்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். மன்றங்கள் தொடங்கும் நூலகங்கள் புத்தகம் இல்லாமல் மூடப்படுவது அபூர்வம். மூன்றாம் ஆண்டில் மின் கட்டணத்தையும் நூலகரின் ஊதியத்தையும் யார் தருவது என்பதற்கு விடை இல்லாமல்தான் மூடப்படுகின்றன. கட்டடம் ஒரு முறைச் செலவு, நூலகம் ஆண்டுதோறும் வரும் செலவு. அந்த ஆண்டுச் செலவுக்குப் பொறுப்பேற்கும் ஒருவரைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்குவதே மன்றம் செய்யக்கூடிய மிகப் பெரிய பணி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த விஷயத்தில் வரலாறு தெளிவாகவே பேசுகிறது. பிலடெல்பியாவில் 1727-இல் பெஞ்சமின் பிராங்கிளினும் நண்பர்களும் ‘ஜுண்டோ’ என்ற மன்றத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து கூட்டம் நடக்கும் அறையில் பொதுவாக வைத்தார்கள். எதிர்பார்த்த அளவு புத்தகம் சேரவில்லை. சேர்ந்தவற்றையும் கவனிக்க ஆள் இல்லை. ஏறத்தாழ ஓராண்டில் அவரவர் புத்தகத்தை அவரவர் எடுத்துப் போய்விட்டார்கள். பிராங்கிளின் 1731-இல் வேறு வழியில் போனார்: 50 பேர் ஆளுக்கு 40 ஷில்லிங் முதலில் கட்டி, பிறகு ஆண்டுக்கு 10 ஷில்லிங் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். அப்படிப் பிறந்த பிலடெல்பியா நூலகக் கம்பெனி இன்றும் இருக்கிறது. முதல் முயற்சிக்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஆண்டுச் சந்தாவில்தான் இருக்கிறது. ஆனாலும் அது சந்தாதாரர்களின் நூலகம்தான். எல்லோருக்கும் இலவசமாக, ஆண்டுதோறும் பொதுப்பணத்தில் நடக்கும் நூலகத்துக்கு 1833-இல் நியூ ஹாம்ப்ஷயரின் பீட்டர்பரோ ஊர்க் கூட்டம் போட்ட தீர்மானத்தை முன்னோடியாகச் சொல்வார்கள்.

அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி உலகெங்கும் 2,509 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். அவர் வைத்த நிபந்தனை எளியது: நிலத்தை ஊர் தர வேண்டும், தான் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஊராட்சி ஆண்டுதோறும் நடத்தும் செலவுக்கு ஒதுக்க வேண்டும். அமெரிக்காவின் பல ஊர்களில் அவரிடம் நிதி கேட்கும் விண்ணப்பத்தை எழுதியதும், உள்ளாட்சியிடம் வாக்குறுதி பெற்றுத் தந்ததும் மகளிர் மன்றங்கள். இருந்தும் பல ஊர்கள் சொன்ன தொகையை ஒதுக்கவில்லை. கார்னகியின் அறக்கட்டளைக்காகப் பொருளாதார அறிஞர் ஆல்வின் ஜான்சன் 1916-இல் தந்த ஆய்வறிக்கை, கட்டடம் நிற்கிறது, சேவை மெலிந்துகிடக்கிறது என்று காட்டியது. அடுத்த ஆண்டே புதிய கட்டடங்களுக்கு நிதி தருவது நின்றது. சென்னை மாகாணத்தின் 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது: சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க வழி செய்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் 1928 முதல் இயங்கிய சென்னை நூலகச் சங்கமும் இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதனும் இருந்தார்கள். ஒரு சங்கம் தன் கையால் நூலகம் கட்டுவதைவிட, எல்லா ஊருக்கும் பணம் வரும் வழியைத் திறந்துவிடுவது பெரிது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆகவே முதல் மாதத்தில் புத்தகம் சேகரிப்பதை நிறுத்தி வைத்துவிட்டு, ஓராண்டுக்கான செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். ஊதியம், மின்சாரம், இணையம், வாடகை இருந்தால் வாடகை, செய்தித்தாள் மற்றும் இதழ்கள், புதிய நூல்கள், பழுது பார்ப்பு, காப்பீடு, துப்புரவு. ஊதியம் மட்டுமே பாதிக்கு மேல் வந்தால் பயப்பட வேண்டாம், எல்லா நூலகங்களிலும் அப்படித்தான். ‘நூலகர் சேவையாக வருவார்’ என்று எழுதி ஊதியத்தைச் சுழியமாக்கும் கணக்குதான் ஆபத்தானது. இரண்டு ஆண்டுச் செலவு கையில் இல்லாமல் திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்கக் கூடாது. அந்த இரண்டு ஆண்டுக்குள் உள்ளாட்சியோ, பொது நூலகத் துறையோ, நிரந்தர வைப்பு நிதியோ சுமையை ஏற்றுக்கொள்ள வேண்டும். யார் ஏற்பது என்பதை இப்போதே எழுதுங்கள்.

அடுத்து நிர்வாகம். நூலகம் மன்றத்தின் ஒரு பிரிவாக இருந்தால், மன்றத் தலைவர் மாறும்போதெல்லாம் நூலகத்தின் தலைவிதியும் மாறும். ஒருவர் புத்தகத்துக்குச் செலவழிப்பார், அடுத்தவர் மருத்துவ முகாமுக்குச் செலவழிப்பார். இருவரும் நல்லதையே செய்கிறார்கள், ஆனால் நூலகம் தேய்ந்துபோகும். எனவே தனி நூலகக் குழு, தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாத ஏற்பாடு. ஒன்பது பேர் கொண்ட குழுவில் மன்றத்துக்கு மூன்று இடம் போதும். இரண்டு இடம் உள்ளாட்சிக்கு, இரண்டு வாசகர்களுக்கு, ஒன்று பள்ளி ஆசிரியருக்கு, ஒன்று நூலகத் துறை தெரிந்தவருக்கு. பதவிக்காலம் மூன்றாண்டு, ஆண்டுக்கு மூவர் விலகி மூவர் வர வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் மாறினால் சாவி எங்கே, ரசீதுப் புத்தகம் எங்கே என்று தேடவே ஆறு மாதம் போய்விடும்.

கேரளத்தில் பி. என். பணிக்கர் 1945-இல் 47 ஊர் நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலா சங்கம் ஆயிரக்கணக்கான நூலகங்களாக விரிந்தது. அங்கே ஊர்க்காரர்களின் குழுவே நூலகத்தை நடத்துகிறது, பொது அமைப்பிலிருந்து மானியம் வருகிறது. ஊரின் உரிமையும் பொதுப்பணமும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்க முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சில மன்றங்கள் ‘அரசிடம் கொடுத்தால் கெட்டுப்போகும்’ என்கின்றன, சில ‘அரசே பார்த்துக்கொள்ளும்’ என்று கைகழுவுகின்றன. இரண்டும் தவறு.

இடம் தருபவரிடம் வாய்ச்சொல் போதாது. குறைந்தது பத்தாண்டுக்கான எழுத்துப்பூர்வ குத்தகை வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகளையும் அது கட்டுப்படுத்த வேண்டும். அதே ஆவணத்தில் இன்னொரு பிரிவு: நூலகம் மூடப்பட்டால் நூல்களும் தளவாடமும் இன்னொரு பொது நூலகத்துக்கே போகும், மன்ற உறுப்பினர்களுக்கோ இட உரிமையாளருக்கோ திரும்பாது. நன்கொடையாளர்கள் இந்த வரியைப் படித்தபிறகுதான் நம்பிக் கொடுக்கிறார்கள்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது ஈரத்தையும் தளத்தின் வலுவையும் பாருங்கள், அழகு பிறகு. குடியிருப்பு அறையின் தளம் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்குக் கணக்கிடப்படுகிறது. புத்தக அடுக்குகள் நெருக்கமாக நிற்கும் அறைக்கு 600 முதல் 700 கிலோ தாங்கும் தளம் தேவை. மாடியில் தருகிறோம் என்றால் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் ஏற்க வேண்டாம். தரைத்தளம் என்றால் முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் குழந்தைகளும் உள்ளே வர முடியும் என்பது கூடுதல் காரணம் இல்லை, முதல் காரணம்.

எவ்வளவு இடம்? பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பான இஃப்லாவின் வழிகாட்டி மிகச் சிறிய சேவை மையத்துக்கும் 2,500 நூல்களுக்குக் குறையக் கூடாது என்கிறது. 90 செ.மீ. நீளத் தட்டு ஒன்றில் கால் பங்கைக் காலியாக விட்டு 25 நூல்கள் வைக்கலாம். ஐந்து தட்டுள்ள அலமாரிக்கு 125. அப்படியானால் 20 அலமாரி. தட்டை நிரப்பி வைத்தால் ஐந்து அலமாரி மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை முழுவதையும் தள்ள வேண்டியிருக்கும், இறுக்கத்தில் இழுத்து இழுத்து முதுகுத்தாள் கிழியும். வாசகர் ஒருவர் உட்கார 2.5 சதுர மீட்டர் கணக்கு வைத்தால் 20 இருக்கைக்கு 50 சதுர மீட்டர். அலமாரி, இரவல் மேசை, குழந்தைகள் மூலை எல்லாம் சேர்த்து 80 முதல் 90 சதுர மீட்டர் வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் இருக்கைகளைக் குறையுங்கள், நடைவழியைக் குறைக்காதீர்கள். அலமாரிகளுக்கு நடுவே 90 செ.மீ. என்பது கடைசி எல்லை. 110 இருந்தால் ஒருவர் குனிந்து தேடும்போது இன்னொருவர் கடந்து போகலாம்.

அலமாரி செய்யும்போது நடக்கும் பெரிய பிழை பலகையில்தான். மரத்தூள் அட்டையில் 90 செ.மீ. தட்டு போட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் நடுவில் தொய்ந்துவிடும். 19 மி.மீ. ஒட்டுப்பலகை, முன் விளிம்பில் ஒரு சட்டம், அல்லது எஃகு அலமாரி. ஆழம் 25 செ.மீ., தட்டுக்குத் தட்டு 30 செ.மீ. இடைவெளி. அடித்தட்டு தரையிலிருந்து 10 செ.மீ.யாவது உயர்ந்திருக்கட்டும். வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் 5 செ.மீ. தள்ளி வையுங்கள், அந்த இடைவெளியில் காற்று ஓடினால்தான் பூஞ்சை வராது, கரையான் தடமும் கண்ணில் படும். பெரியவர்கள் பகுதியில் மேல்தட்டு 180 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது, குழந்தைகள் பகுதியில் 120.

கட்டடம் கிடைக்கவே இல்லை என்றாலும் காத்திருக்க வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலம் 1893-இல் 100 நூல்கள் கொண்ட பெட்டிகளை ஊர் ஊராக அனுப்பிப் பயண நூலகம் நடத்தியது. மன்னார்குடிப் பக்கம் 1931-இல் மாட்டுவண்டியில் நூலகம் போனது. நீங்களும் இப்படித் தொடங்கலாம்: நான்கு பெட்டி, நான்கு இடம், மாதம் ஒரு முறை பெட்டி மாற்றுவது. எந்தப் பெட்டியில் எது அதிகம் எடுக்கப்படுகிறது என்ற பதிவு, பின்னால் கட்டடம் கேட்டுப் போகும்போது மிக வலுவான ஆதாரமாகும்.

நன்கொடைப் புத்தகம் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வந்ததையெல்லாம் அடுக்கினால் அது நூலகமாகாது. பழைய பாடத்திட்டத்துக் கையேடுகள், காலாவதியான தேர்வு வழிகாட்டிகள், பத்தாண்டு கடந்த மருத்துவ, சட்ட, வரி, கணினி நூல்கள் ஆகியவை இடத்தை மட்டும் அடைப்பதில்லை, நம்பிப் படிப்பவருக்குத் தீங்கும் செய்யும். நன்கொடை வாங்கும்போதே ஒரு சிறு படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள்: கொடுத்தபின் நூல் நூலகத்தின் உடைமை, வைத்துக்கொள்ளவோ, வேறு நூலகத்துக்குத் தரவோ, விற்று நூல் வாங்கவோ குழுவுக்கு உரிமை உண்டு. இது இல்லாவிட்டால் ‘எங்கள் அப்பா கொடுத்த தொகுப்பு எங்கே’ என்ற கேள்வி ஐந்து ஆண்டு கழித்து வரும். ‘இன்னார் நினைவு அலமாரி’ என்று தனியாக வைக்கும் நிபந்தனையையும் ஏற்காதீர்கள். பெயரை நூலின் உள்ளட்டையில் ஒட்டலாம், நூல் தன் பொருளுக்குரிய இடத்தில்தான் நிற்க வேண்டும்.

வந்த நூல்கள் நேராக உள்ளே போகக் கூடாது. தனி அறையில் பிரித்து, கட்டுப்பகுதியிலும் முதுகின் உட்புறத்திலும் பாருங்கள். வெள்ளிப்பூச்சி, சிறு துளைகள், மாவு போன்ற தூள் தெரிந்தால் நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வர விடுங்கள், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு இந்த வைத்தியம் பலிக்காது; குளிரில் அது உறங்கும், சாகாது. பூஞ்சை படர்ந்த நூலை மறுத்துவிடுவதே நல்லது. கிழிசலை செலோ டேப்பால் ஒட்ட வேண்டாம். சில ஆண்டில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. மெல்லிய தாளும் மாவுப்பசையும் போதும்.

இருப்பு எப்படி அமைய வேண்டும் என்பதில் சிறிய நூலகத்துக்கு எளிய விதி உண்டு: குழந்தைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு, பெரியவர்களுக்கான கதை இலக்கியம் ஒரு பங்கு, மற்ற துறைகள் ஒரு பங்கு. நன்கொடையில் குழந்தை நூல்கள் மிகக் குறைவாகவே நல்ல நிலையில் வரும். ஆகவே கையில் உள்ள பணத்தின் பெரும்பகுதி அங்கேதான் போக வேண்டும். தேர்ந்தெடுத்த 1,000 நூல்களோடு திறந்து 2,500 நோக்கி வளர்வது, கழிவுகளோடு சேர்த்து 5,000 என்று விளம்பரம் செய்வதைவிடச் சிறந்தது.

பதிவு வேலையைக் குறைத்து மதிப்பிடுவதுதான் எல்லோரும் செய்வது. ஒரு நூலுக்குச் சேர்க்கை எண் (நூலகத்துக்கு வந்த வரிசையில் தரும் எண்) போட்டு, பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, வகைப்படுத்தி, முதுகில் சீட்டு ஒட்டி, உள்ளே பை ஒட்ட, புதியவர்களுக்கு 20 நிமிடம் ஆகும். 1,000 நூலுக்கு 333 மணி நேரம். ஆறு பேர் வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 14 வாரம். திறப்பு விழாத் தேதியை இந்தக் கணக்கிலிருந்து எடுங்கள். பிரமுகரின் வசதியிலிருந்து எடுத்தால், பதிவில்லாத நூல்கள் அலமாரிக்குப் போய், முதல் மாதத்திலேயே எது இருக்கிறது, எது போனது என்று யாருக்கும் தெரியாத நிலை வரும்.

சேர்க்கைப் பதிவேட்டில் எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பாளர், ஆண்டு, பக்கம், விலை, வந்த வழி, குறிப்பு ஆகிய பத்திகள் போதும். எண் போடும் வேலை ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். இருவர் ஒரே மாலையில் இரண்டு கட்டுகளுக்கு எண் போட்டால் 412 என்ற எண்ணில் இரண்டு நூல்கள் இருக்கும். தொலைந்த நூலின் எண்ணை வேறு நூலுக்குத் தராதீர்கள், குறிப்புப் பத்தியில் ‘நீக்கம்’ என்று எழுதி விட்டுவிடுங்கள். முத்திரை தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஒன்று, எல்லா நூலுக்கும் பொதுவான ஒரு மறைபக்கத்தில், உதாரணமாக 33-ஆம் பக்கத்தில், இன்னொன்று.

வகைப்பாட்டுக்கு, நூல்களைப் பொருள்வாரியாக எண்களால் பிரிக்கும் டூயி தசம முறையே போதும். தமிழ் இலக்கியம் 894.811, அதில் கவிதைக்கு 894.8111, கதைக்கு 894.8113. தமிழ் நூல்களே பெரும்பான்மை என்றால் பாதி அலமாரியில் இந்த நீண்ட எண் திரும்பத் திரும்ப வந்து வாசகரைக் குழப்பும். பதிவேட்டில் முழு எண்ணை எழுதிவிட்டு, முதுகுச் சீட்டில் ‘கதை’, ‘கவிதை’ என்றும் கீழே ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்தும் போட்டால் பத்து வயதுப் பிள்ளைகூட நூலைச் சரியான இடத்தில் திருப்பி வைக்கும். ஆசிரியர் பெயரை முன்னெழுத்தில் வரிசைப்படுத்த வேண்டாம், பெயரின் முதல் எழுத்தில் வரிசைப்படுத்துங்கள். புனைபெயரா இயற்பெயரா என்பதில் அட்டையில் உள்ளதையே பின்பற்றுவது என்று ஒரே முடிவு எடுத்து எழுதி ஒட்டிவிடுங்கள். சில ஆயிரம் நூல் வரை ஒரு விரிதாள் கோப்பே போதுமானது; கோஹா போன்ற இலவச நூலக மென்பொருள் நல்லதுதான், ஆனால் அதன் சேவையகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் நிலையாக இருக்கும்போது போகலாம்.

இரவலுக்கு, மின்சாரம் போனாலும் நிற்காத பழைய பிரௌன் முறை இன்றும் சிறு நூலகத்துக்குப் பொருந்தும். வாசகருக்கு இரண்டு சிறு அட்டைப் பைகள், நூலுக்கு ஒரு அட்டை. நூல் போகும்போது அதன் அட்டையை வாசகர் பையில் செருகி, திருப்பித் தர வேண்டிய தேதிக்குப் பின்னால் தட்டில் அடுக்கினால் முடிந்தது. தட்டைப் பார்த்தாலே எத்தனை நூல் வெளியே, எது தாமதம் என்று தெரியும். இரண்டு நூல், 14 நாள். முன்வைப்புத் தொகை கேட்டால் அதிகம் தேவைப்படுபவர்தான் முதலில் நின்றுவிடுவார். தாமதத் தண்டமும் அப்படித்தான், தண்டத்துக்கு அஞ்சி நூலையே திருப்பித் தராதவர்கள் உண்டு. ‘மன்ற உறுப்பினருக்கு மட்டும் கூடுதல் நூல்’ என்ற சலுகை வேண்டவே வேண்டாம். அந்த ஒரு விதி போதும், மற்றவர்கள் இது தங்களுடைய இடமில்லை என்று முடிவு செய்ய.

திறந்திருக்கும் நேரம் குறைவாக இருக்கலாம், மாறக் கூடாது. வாரம் ஆறு வேளை, வேளைக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு வேளை என்றால் 12 பேர்; நோய், பயணம், தேர்வு எல்லாம் கணக்கில் கொண்டால் 18 பேர் பட்டியலில் வேண்டும். முதல் சில மாதத்துக்குப் பிறகு ஆர்வம் தளரும், அது இயல்பு. அதனால்தான் பகுதிநேரமாகவாவது ஊதியம் பெறும் ஒருவர் தொடக்கத்திலிருந்தே தேவை. இரண்டு முறை பூட்டிய கதவைப் பார்த்தவர் மூன்றாம் முறை வருவதில்லை.

நூல் தேர்வுக் கொள்கை ஒன்றை ஒரே பக்கத்தில் எழுதிக் குழு ஏற்கட்டும்: யார் தேர்ந்தெடுப்பது, எந்த அடிப்படையில், ஆட்சேபம் வந்தால் யார் எத்தனை நாளில் படித்துப் பதில் சொல்வது. எழுதப்படாத இடத்தில் செல்வாக்குள்ளவர் குரல்தான் கொள்கையாகிறது. மன்றத்துக்கு அரசியல் சார்போ மதச் சார்போ இருந்தால் இந்தப் பக்கம் இரட்டிப்பு அவசியம்.

ஆண்டுச் செலவை ஏற்பவரிடம் நூலகத்தை ஒப்படைக்கும் நாளில் மன்றம் தர வேண்டியவை: சேர்க்கைப் பதிவேடு, நன்கொடைப் படிவங்கள், குத்தகை ஆவணம், வங்கிக் கணக்கு அறிக்கை, தளவாடப் பட்டியல், உறுப்பினர் பதிவு, எல்லாச் சாவிகளும். அதற்கு முன் ஒரு வாரம் மூடி முழு இருப்புச் சரிபார்ப்பு நடத்துங்கள், இல்லாத நூல்களைப் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திடட்டும். அதற்குப் பிறகும் மன்றத்துக்கு வேலை உண்டு: ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் தயாராகும் மாதத்தில் நூலகத்தின் இரவல் கணக்கோடும் வாசகர்களோடும் போய் உள்ளாட்சிக் கூட்டத்தில் உட்கார வேண்டும். நூலகர் தன் மேலதிகாரிகளிடம் கேட்க முடியாத தொகையை மன்றம் வெளியிலிருந்து கேட்கலாம்.